கோர்டாவின் கோட்டை – 9: ஹோபார்ட்டில் பிறக்காதவர்

எட்டாம் ஹென்றியாக நடித்த சார்லஸ் லாட்டன் கோழியைக் கையால் பிய்த்துத் தின்று, மிச்சத்தைத் தோளுக்குப் பின்னால் வீசிய இடத்தில் சென்ற இதழை நிறுத்தியிருந்தேன். லாட்டனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம் அது. ஹங்கேரியிலிருந்து ஊர் ஊராக அலைந்து வந்த அலெக்சாண்டர் கோர்டாவை லண்டனில் பெரிய புள்ளியாக்கியதும் அதுதான். 1933-இல் வந்த அதே படத்தில் இன்னொரு முகமும் வெளிச்சத்துக்கு வந்தது. ஆன் போலின் வேடம். கதை தொடங்கியதுமே தலையைப் பறிகொடுக்கிற ராணி அவள். திரையில் சில நிமிடங்களுக்கு மேல் இல்லை. அந்தச் சில நிமிடங்களிலேயே ‘யார் இந்தப் பெண்?’ என்ற கேள்வி எழுந்துவிட்டது.

எழும் என்று தெரிந்து, கோர்டாவின் லண்டன் ஃபிலிம்ஸ் நிறுவனம் பதிலைத் தயாராக வைத்திருந்தது. பெயர் மெர்ல் ஓபரான். பிறந்தது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில். உயர்குடி ஆங்கிலக் குடும்பம். வேட்டைக்குப் போன இடத்தில் தந்தை விபத்தில் இறந்துவிட, சிறுமியை இந்தியாவுக்கு அழைத்து வந்துவிட்டார்கள், வளர்ந்தது அங்கேதான். பிறப்புச் சான்று எங்கே என்று கேட்டால், பதிவேடுகள் தீயில் எரிந்துபோயின.

விளம்பரப் பிரிவின் கைத்திறனை இதில் பாராட்டத்தான் வேண்டும். இந்தியா என்ற சொல்லை அவர்கள் அடியோடு நீக்கிவிடவில்லை. கல்கத்தாவில் அவரைப் பார்த்த ஆங்கிலேயர் யாராவது லண்டனில் எதிர்ப்பட்டு ‘உன்னை ஃபிர்ப்போ உணவகத்தில் பார்த்திருக்கிறேனே’ என்று சொல்லிவிட்டால்? அதற்குத்தான் அந்த ‘வளர்ந்தது இந்தியாவில்’. பிறப்பை மட்டும், யாரும் போய்ப் பார்க்க முடியாத தொலைவுக்குத் தள்ளி வைத்தார்கள். லண்டனிலிருந்து டாஸ்மேனியாவுக்கு அன்று கப்பலில் வாரக்கணக்கில் போகவேண்டும். ஆனாலும் வெள்ளைக்காரர் குடியேறிய இடம், பேச்சிலும் பழக்கத்திலும் பிரிட்டிஷ் மண். தொலைவும் தூய்மையும் ஒரே இடத்தில் கிடைத்தன.

உண்மை பம்பாயில் இருந்தது. 1911 பிப்ரவரி 19 அன்று அங்கே பிறந்த அந்தப் பெண்ணின் பெயர் எஸ்டெல் மெர்ல் தாம்சன். அதே ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் இந்தியா வந்தார்கள். அந்த நினைவாக வீட்டில் குவீனி என்று செல்லப்பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். தந்தை ஆர்தர் தாம்சன், இங்கிலாந்தின் டார்லிங்டனிலிருந்து வந்து இந்திய ரயில்வேயில் வேலை பார்த்த எந்திரப் பொறியாளர். பிறகு முதல் உலகப் போருக்குப் போனார். போர்முனையில் நிமோனியாவில் இறந்தார். வளர்த்தவர் சார்லட் செல்பி, இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண். குவீனி அவரை அம்மா என்றே அழைத்தாள், உலகமும் அப்படித்தான் நினைத்தது. பிறப்புப் பதிவில் தாய் என்று இருந்ததோ சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ் பெயர். பிரசவத்தின்போது கான்ஸ்டன்ஸே ஒரு சிறுமி. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, பேத்தியைத் தன் மகள் என்று சொல்லி சார்லட் வளர்த்தார். குவீனிக்கு அக்காவாக அறிமுகமானவர்தான் பெற்ற தாய்.

ஆக, கோர்டாவின் ஆட்கள் கதை கட்டத் தொடங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் குழந்தையின் பிறப்பைச் சுற்றி முதல் கதையைக் குடும்பமே கட்டிவிட்டது. மெர்லுக்கு அது தெரிந்திருந்ததா என்பதில் எழுதியவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவர் உண்மையை மறைத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவரிடமே மறைக்கப்பட்ட உண்மையும் அதில் கலந்திருந்திருக்கலாம்.

1917-இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. அங்கே லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையில் இடம் கிடைத்தது. வசதியான ஐரோப்பியப் பிள்ளைகள் படித்த இடம். கலப்பினப் பிள்ளை என்ற ஏளனத்தைத் தாங்க முடியாமல் குவீனி பள்ளியை விட்டு நின்றாள். நம்மூரில் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. ரயில்வே, தந்தி, தொலைபேசி, சுங்கம் ஆகிய துறைகளில் வேலை உண்டு. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் நுழைவு இல்லை. ஒரே தெருவில் ஒரு குடும்பத்தில் வெளுத்த பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை, கறுத்த பிள்ளைக்கு வேறொரு வாழ்க்கை. குவீனி வெளுத்த பிள்ளை.

வழக்கம்போல அவளும் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர் ஆனாள். மாலைகளில் சினிமா, அமெச்சூர் நாடகக் குழு, சௌரங்கியில் ஃபிர்ப்போ உணவகத்தின் நடன அரங்கு. அங்கே ஒரு போட்டியில் பரிசு வாங்கினாள் என்று கல்கத்தாக்காரர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான், 1929 வாக்கில், முன்னாள் நடிகர் ஒருவர் அவள்மேல் காதல்கொண்டார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் சார்லட்டின் நிறத்தைப் பார்த்தார். காதல் அன்றோடு முடிந்தது. குற்றவுணர்வோ என்னவோ, ‘பிரான்சுக்கு வந்தால் நீஸ் நகரில் விக்டரின் ஸ்டுடியோவை நடத்தும் இயக்குநர் ரெக்ஸ் இங்க்ரமிடம் சொல்லி வைக்கிறேன்’ என்று ஒரு வாக்கு மட்டும் கொடுத்துப் போனாராம். குவீனி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சார்லட்டை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினாள். அங்கே போனபோது ஆள் இல்லை. இங்க்ரமிடம் சொல்லிவைத்த வார்த்தை மட்டும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

பிறகு லண்டன். கஃபே த பாரி என்ற இரவு விடுதியில் குவீனி ஓ’பிரையன் என்ற பெயரில் விருந்தினரை உபசரிக்கும் வேலை. பகலில் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை நடிப்பு. கோர்டாவின் கண்ணில் பட்டது இந்த இடத்தில். ஓ’பிரையன் என்ற பெயர் ஓபரான் ஆனது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் தேவதைகளின் அரசனின் பெயர்; ஆங்கிலக் காதுக்கு அது இலக்கியமாகவும் அந்நியமாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்.

சார்லட்டும் லண்டனில் அதே வீட்டில்தான் இருந்தார். விருந்தாளிகள் வரும்போது அவரை வேலைக்காரி என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாயிற்று. இந்தக் கதையை எழுதிய எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை மெர்லைச் சபித்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. பேத்தியை மகளென்று சொல்லி ஒரு முறை ஊரை நம்பவைத்த கிழவி அவர். அவருக்கு இதன் கணக்கு மெர்லைவிட நன்றாகவே புரிந்திருக்கும். 1937-இல் அவர் இறந்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து அம்மாவின் ஓவியத்தை வரையச் சொன்னார் மெர்ல். நிறத்தைக் குறைத்து வரையுங்கள் என்பது ஓவியருக்குச் சொல்லப்பட்ட குறிப்பு. விருந்தாளிகளுக்காக நடித்தது சரி, சுவரில் மாட்டுவதற்கும் அது தேவைப்பட்டதைத்தான் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? அக்காலத்துச் சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அமெரிக்கா 1917-இல் போட்ட குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட மண்டலமாக அறிவித்தது; இந்தியா அதற்குள் இருந்தது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், எனவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் தடை செய்தன. ஆசியரையும் அந்த விதிக்குள் இழுத்துவிடுவது வழக்கத்தில் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்கு நடந்ததைப் பாருங்கள். சீனக் குடியானவரின் கதையான ‘தி குட் எர்த்’ படத்தில் சீன மனைவி வேடத்தில் அவரை நடிக்கவைக்கவில்லை. கணவன் வேடத்தில் நடித்தவர் வெள்ளையர் என்பதால் மனைவியும் வெள்ளையராகவே இருக்கவேண்டியிருந்தது. அந்த வேடத்தில் நடித்த ஜெர்மன் நடிகை லூயிஸ் ரெய்னர் ஆஸ்கரும் வாங்கினார். பம்பாய் குவீனி தாம்சன் என்ற பெயரோடு மெர்ல் ஹாலிவுட்டின் கதவைத் தட்டியிருந்தால், கதாநாயகியாக அல்ல, நடனக்காரியாகவோ வேலைக்காரியாகவோ உள்ளே விட்டிருப்பார்கள்.

1934-இல் கோர்டாவின் ‘தி ஸ்கார்லெட் பிம்பர்னெல்’ படத்தில் லெஸ்லி ஹோவர்டுக்கு ஜோடி. அதே ஆண்டு வேறொரு படத்தில் ஜப்பானியச் சீமாட்டியாக வேடம். கண்ணை இழுத்துக் கட்டி வெள்ளைக்காரி ஆசியப் பெண்ணாக நடிப்பது அன்று சகஜம் என்பதால் யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. கோர்டா மெர்லோடு போட்டிருந்த ஒப்பந்தத்தில் ஒரு பங்கை அமெரிக்கத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு விற்றார். கோல்ட்வின் 1935-இல் எடுத்த ‘தி டார்க் ஏஞ்சல்’ படத்தில் மெர்லை ஆங்கிலக் கிராமத்துப் பெண்ணாக்கினார். அதுவரை அவருக்கென்றிருந்த ‘கிழக்கத்திய’ கவர்ச்சியை எல்லாம் துடைத்துவிட்டு, புதிய ஒப்பனையில் புதிய முகம். அந்த முகத்துக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருதை பெட் டேவிஸ் கொண்டுபோனார்.

ஆசிய வம்சாவளிப் பெண் ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது அதுவே முதல்முறை, அன்று அது யாருக்கும் தெரியாது. 2023-இல் மலேசியாவில் பிறந்த மிஷெல் யோ அதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, ‘தன்னை ஆசியர் என்று சொல்லிக்கொண்டவர்களில் முதல்வர்’ என்று பத்திரிகைகள் சுற்றி வளைத்து எழுதவேண்டி வந்தது. காரணம் மெர்ல்தான்.

கோர்டா அவரை வைத்துப் பெரிதாகத் திட்டமிட்டது 1937-இல். புதிதாகக் கட்டிய டென்ஹாம் ஸ்டுடியோவில் ‘ஐ, கிளாடியஸ்’. லாட்டன் ரோமச் சக்கரவர்த்தி, மெர்ல் மெஸலீனா, இயக்கம் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க். லாட்டனுக்கு வேடம் பிடிபடவில்லை, இயக்குநரோடு ஒத்துப்போகவில்லை, பணம் கரைந்தது. மார்ச் மாதத்தில் மெர்ல் சென்ற கார் விபத்துக்குள்ளாகி அவர் முகத்தில் காயம். காப்பீட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு கோர்டா படத்தை மூடினார். விபத்து அவருக்கு நல்வாய்ப்பாக அமைந்தது என்று அப்போதே கிசுகிசுத்தார்கள். அந்தக் கணக்குவழக்கை டென்ஹாமின் வரவுசெலவைப் பேசும் இதழில் பார்ப்போம். எஞ்சிய துண்டுக் காட்சிகளை வைத்து பிபிசி 1965-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தது.

மெர்ல் என்றதும் இன்றைக்கும் நினைவுக்கு வருவது ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1939-இல் கோல்ட்வின் தயாரிப்பில் வில்லியம் வைலர் இயக்கியது. எமிலி பிரான்டியின் யார்க்‌ஷயர் புல்வெளியைக் கலிபோர்னியாக் குன்றுகளில் உருவாக்கினார்கள். கேத்தி வேடத்தில் மெர்ல், ஹீத்கிளிஃபாக லாரன்ஸ் ஒலிவியர். கேத்தியாக நடிக்கவேண்டியது தன் காதலி விவியன் லீ என்று ஒலிவியருக்கு மனத்தாங்கல். படப்பிடிப்பில் இருவருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. லீக்கு அதே சமயம் ‘கான் வித் தி விண்ட்’ கிடைத்தது தனிக்கதை. டார்ஜிலிங்கில் பிறந்த லீ, வங்காளத்தில் வளர்ந்த மெர்ல். ஒருவர் தன் பிறந்த ஊரைச் சொல்லிக்கொண்டார், இன்னொருவரால் முடியவில்லை.

இந்தப் படத்தில் எனக்கு இன்னொரு வேடிக்கை தெரிகிறது. நாவலில் ஹீத்கிளிஃப் கறுத்த நிறத்தவன். இந்தியக் கப்பலாளின் பிள்ளையாக இருப்பானோ என்று அண்டை வீட்டுப் பெரியவர் ஐயப்படும் இடம்கூட உண்டு. அவன் நிறம்தான் கேத்திக்கும் அவனுக்கும் நடுவே நிற்கும் சுவர்களில் ஒன்று. படத்தில் அந்தக் கறுப்பன் வேடத்தை எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்துப் பாதிரியாரின் மகன். அவனை ஏற்க முடியாமல் தவிக்கும் வெள்ளைச் சீமாட்டியோ, பம்பாயில் பிறந்த கலப்பினப் பெண். ‘நானே ஹீத்கிளிஃப்’ என்ற பொருளில் கேத்தி சொல்லும் இடத்தில் மெர்லின் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் என்ன ஓடியது என்று நாம் ஊகிக்கலாம், ஊகம் ஊகம்தான். ஆனால் படத்தின் மற்ற காட்சிகளில் அளவாக நடிப்பவர் அங்கே மட்டும் அளவை மறந்துவிடுகிறார். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றே விருதானது, கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு.

அதே 1939-இல் கோர்டாவும் மெர்லும் மணந்தார்கள். 1942-இல் கோர்டாவுக்கு சர் பட்டம் கிடைக்க, கல்கத்தா தொலைபேசி ஆபரேட்டர் லேடி கோர்டா ஆனார். இடையே 1940-இல் ஒப்பனைப் பொருள்களின் நச்சும் சல்ஃபா மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து அவர் முகத்தோலைக் கெடுத்தன. நியூயார்க்கில் தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை நடந்தது; ஒப்பனையில்லாமல் பார்த்தால் குழிகள் தெரியும் என்ற நிலை. வாழ்நாள் முழுதும் முகத்தையே முதலாக வைத்துப் பிழைத்தவருக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வழி கண்டுபிடித்தவர் ஒளிப்பதிவாளர் லூசியன் பாலர்ட். 1944-இல் வந்த ‘தி லாட்ஜர்’ படப்பிடிப்பில் கேமரா லென்ஸை ஒட்டிச் சின்ன விளக்கு ஒன்றைப் பொருத்தினார். நேர் எதிரேயிருந்து முகத்தில் விழும் மென்மையான ஒளியில் தழும்பின் நிழல் விழாது. கூடவே கண்ணிலும் ஒரு பொட்டு மினுங்கும். மெர்ல் பெயரால் அதற்கு ‘ஓபி’ என்று பெயர் வந்தது. தழும்பை மட்டுமா அந்த ஒளி மறைத்தது, முகத்தை வெளுக்கவும் செய்தது. கோர்டாவைப் பிரிந்து 1945-இல் மெர்ல் மணந்தது இந்தப் பாலர்ட்டைத்தான். ஓபி விளக்கு இன்றும் படப்பிடிப்புத் தளங்களில் எரிகிறது. யாருடைய பெயர் அது என்று அதைப் பொருத்துகிற எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகான படங்களில் சொல்ல அதிகமில்லை. ‘எ சாங் டு ரிமெம்பர்’ படத்தில் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டாக வந்தார், ‘டெசிரே’யில் நெப்போலியனின் ஜோசஃபினாக. பாலர்ட்டை விட்டுப் பிரிந்தபின் மெக்சிகோவில் வாழ்ந்த இத்தாலியத் தொழிலதிபரை 1957-இல் மணந்து, இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து, விருந்துகளுக்குப் பேர்போன சீமாட்டியாக வாழ்ந்தார். 1973-இல் கடைசிப் படம்.

கட்டிய கதை மட்டும் ஓய்வெடுக்கவில்லை. ஹோபார்ட் மக்கள் அதை மனதார நம்பிவிட்டார்கள். தங்கள் ஊர்ப் பெண் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறக்கிறாள் என்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அவர் உண்மையில் ஒரு சீனப் பெண்ணுக்கு டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று அந்தத் தீவில் இன்னொரு கதை வேர்விட்டது. அதைச் சத்தியம் செய்து சொல்பவர்களை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த ஆவணப்படம் ஒன்றில்கூடப் பார்க்கலாம். 1965-இல் ஆஸ்திரேலியா போனபோது நிருபர்கள் பிறப்பைக் கிளற, மெர்ல் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். 1978-இல் ஹோபார்ட் மேயர் அழைத்தார். ஊர் பெருமைக்குரிய மகளுக்கு வரவேற்பு. இங்கே பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் மேயருக்குத் தெரிந்ததாம். இருந்தும் சங்கடம் வேண்டாமென்று நடத்தினார். வந்தவர், தான் அங்கே பிறக்கவில்லை என்று சொன்னார். உடம்பு சரியில்லை என்று விலகிக்கொண்டார். அப்புறம் பேட்டியில்லை. தன் பெயரில் அந்த ஊரில் வைத்திருந்த திரையரங்கையும் போய்ப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பொய்யை அவர் தானாகக் கைவிட்டது அந்த ஒரு முறைதான், அதுவும் பாதியளவு. ஹோபார்ட்டில் பிறக்கவில்லை என்றார்; எங்கே பிறந்தார் என்பதைச் சொல்லவில்லை. 1979 நவம்பர் 23 அன்று கலிபோர்னியாவில் மாலிபுவில் பக்கவாதத்தில் இறந்தார். வயது 68.

கோர்டாவின் தம்பி மகன் மைக்கேல் கோர்டா குடும்ப நினைவுகளை எழுதியபோது, மெர்ல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டியதால் அவருடைய பூர்வீகத்தை விட்டுவிட்டார். மெர்ல் போன பிறகு, 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு அதைப் போட்டுடைத்தது. 1985-இல் மைக்கேலும் ‘குவீனி’ என்ற நாவலில் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டார். பிறப்புச் சான்று தீயில் போகவில்லை. கான்ஸ்டன்ஸுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் பம்பாய் அரசுப் பதிவேட்டிலேயே அதைக் கண்டெடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய் மெர்லைப் பார்க்கவும் முயன்றிருக்கிறார். மெர்ல் பார்க்க மறுத்துவிட்டார்.

இதில் கோர்டாவின் பங்கை எப்படி மதிப்பிடுவது? கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரும் பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்த யூதர்தான். வியாபாரி. எது விலைபோகும் என்று அவருக்குத் தெரியும். மெர்லின் இந்தியாவை மூடி மறைத்த அதே நிறுவனம், அதே ஆண்டுகளில், இன்னொரு இந்தியாவைக் கடைவீதியில் பரப்பி விற்றது. மைசூர் மகாராஜாவின் யானைக் கொட்டாரத்திலிருந்து ஒரு மாவுத்தரின் அநாதை மகனைக் கண்டுபிடித்து, ‘எலிஃபன்ட் பாய்’ எடுத்து, டென்ஹாமுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவனுக்குப் புதிய ஊர் தேவைப்படவில்லை. தலைப்பாகையைக் கழற்றாமல் இருந்தால் போதும். அந்தப் பையன் சாபுவின் கதையும், பம்பாயிலும் சென்னையிலும் எதிர்ப்பைக் கிளப்பிய ‘தி டிரம்’ படத்தின் கதையும் அடுத்த இதழில்.